லாரியில் ஏறாத பேட்டரிகள்

எட்டு மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே மஞ்சள் லாரி கெலுகோரில் லாரன்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. லாரன்ஸ் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். ஓட்டுநர் பஷீர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவளைப் பார்த்ததும் திரையைச் சட்டென்று விட்டான்.

அவனுடைய அக்கா சவுந்தரம்.

"யார வேணும்னாலும் அனுப்பட்டும். அவ மட்டும் என் வாசல மிதிக்கக் கூடாது!" என்று போன வாரம்தான் மனைவி சிந்தியாவிடம் போனில் கத்தியிருந்தான். கத்தியது அக்காவின் காதிலும் விழுந்திருக்கும். சிந்தியா இப்போது இருப்பதே அக்காவின் ஃபிளாட்டில்தானே.

ஒரு மாதத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. லாரன்ஸ் ஜெலுத்தோங்கில் ஒரு கார் பட்டறையில் வேலை செய்கிறான். அங்கே கழற்றிப் போடும் பழைய பேட்டரிகளை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உடைத்து, ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பான். கூட்டாளி லோகேஸ்வரன். ஒரு வருடமாக ஞாயிறுதோறும் நடந்த வேலை. பூசைக்குப் போய்விட்டு வந்ததும் அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

சவுந்தரம் கடல் பாலத்துக்கு அப்பால் பிறை ஊரில், லைசென்ஸ் வாங்கிப் பழைய பேட்டரி சேகரிக்கும் கிடங்கு ஒன்றில் கழிவுப் பொறுப்பாளர். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து உண்டாகியிருந்த சிந்தியாவைப் பார்க்க மீன் கறியோடு வந்தவள், பின்கட்டில் ஈயம் உருக்கும் இரும்புச் சட்டியையும் சாம்பலையும் பார்த்துவிட்டாள். கெஞ்சினாள், திட்டினாள், அழக்கூடச் செய்தாள். லாரன்ஸ் சிரித்தான். நான்காம் நாள் காலையில் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி ஹைருல் வந்து கொட்டகைக்கு முத்திரை வைத்தார். புகார் கொடுத்தது யார் என்று அவன் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அன்று மாலையே சவுந்தரம் சிந்தியாவை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

லைசென்ஸ் உள்ளவர்களே வந்து அத்தனையையும் முறைப்படி அள்ளிச் செல்ல வேண்டும் என்பது இலாகாவின் உத்தரவு. அந்த நாள் இன்று. பதினொன்றரைக்கு ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் சிந்தியாவின் இரத்தப் பரிசோதனை முடிவு வருவதும் இன்றுதான்.

கதவைத் திறந்தான். சவுந்தரம் அவனைப் பார்க்காமல் பஷீரைப் பார்த்தாள்.

"பஷீர் அண்ணே, வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. பின்னால தண்ணி பைப்பு வேல செய்யுதா?"

"செய்யுதுன்னு சொல்லுங்கண்ணே" என்றான் லாரன்ஸ்.

"பூட்ஸ், கையுறை, மாஸ்க் போடாம கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"என் வீட்டுல எனக்கே சட்டமான்னு கேளுங்க."

பஷீர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்கதானே? நான் என்னா தபால்காரனா? நேரா பேசுங்க லா."

ஹைருலின் கார் வந்துவிட்டதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது. அவர் முத்திரையை அறுத்தார். சவுந்தரம் முதல் ஆளாக உள்ளே போனாள்.

லாரன்ஸ் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்தான். அக்கா வேலை செய்து அவன் பார்த்ததே இல்லை. ஏதோ ஆபீசில் காகிதம் எழுதுகிறாள் என்றுதான் நினைத்திருந்தான்.

அவள் ஒவ்வொரு பேட்டரியையும் குனிந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். உடைந்தவையும் கசிந்தவையும் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டிக்குள் தனியாகப் போயின. நல்லவை மரப்பலகை மேல் நிமிர்ந்தபடி, முனையோடு முனை உரசாமல் வரிசையாக அமர்ந்தன. ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் தடித்த அட்டை. அடுக்கி முடித்ததும் பிளாஸ்டிக் தாள் சுற்றி, கழிவின் பெயர், தேதி, எடுத்த இடம் எல்லாம் எழுதிய சீட்டை ஒட்டினாள். லாரியில் குலுங்கி ஒன்று சாய்ந்தாலும் பாலத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனின் முகத்தில்தான் திராவகம் தெறிக்கும் என்று பஷீர் அவனுக்கு விளக்கினார்.

சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. லாரன்ஸ் துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைக் கூட்டப் போனான்.

"துடைப்பத்தக் கீழ போடு!" சவுந்தரத்தின் குரல் தகரத்தில் மோதி எதிரொலித்தது. "காஞ்ச சாம்பல கூட்டினா தூசி பறக்கும். மூச்சுல போற ஈயம் எலும்புல போயி ஒக்காந்துக்கும். தண்ணி தெளிச்சு, ஈரத்தோட அள்ளணும்."

ஒரு மாதத்தில் அவள் நேராக அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் குழாயைத் திறந்து தண்ணீர் தெளித்தான்.

கடைசி மூலையில் ஒரு லாரி பேட்டரி கிடந்தது. பழக்க தோஷம், லாரன்ஸ் அதை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் சாய்த்தான். அடிப்பக்கம் பொளுக்கென்று பிளந்தது.

சவுந்தரம் பாய்ந்து வந்து அவனைத் தள்ளிவிட்டாள். அவன் சுவரில் போய் மோதினான். பேட்டரி கீழே விழுந்து தெறித்த திராவகம், கையுறைக்கு மேலே அவளுடைய முழங்கையில் பட்டது.

"தண்ணி! தண்ணி கொண்டு வாங்க!" என்று பஷீர் கத்தினார். குழாய் லாரன்ஸின் காலடியில்தான் கிடந்தது. அதை எடுத்து, அவள் கையைப் பிடித்து நீட்டித் தண்ணீரைப் பாய்ச்சினான். அவள் கை அசையவில்லை.

"அக்கா… எரியுதா?"

"எரியுது. தண்ணிய நிறுத்தாத."

ஹைருல் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். முழுசாக இருபது நிமிடம். ஒரு கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். சவுந்தரம் துண்டால் ஒற்றிக்கொண்டு, "ஒன் காலப் பாரு, பட்டுச்சா?" என்றாள்.

"இல்லக்கா."

"அப்ப சரி. வேலயப் பாப்போம்."

ஒரு சாண் ஆழத்துக்குக் கொட்டகை ஓரத்து மண்ணையும் சுரண்டி டிரம்மில் அடைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் ஹைருல் படிவத்தை நீட்டினார். நாற்பத்து மூன்று பேட்டரிகள், இரண்டு டிரம் சாம்பலும் மண்ணும்.

"இத்து சஹாஜா, லாரன்ஸ்?" இவ்வளவுதானா என்று மலாயில் கேட்டார். வேறெங்கும் எதுவும் இல்லை என்றும் சேர்த்துத்தான் இந்தக் கையெழுத்து என்று விரலால் சுட்டிக் காட்டினார்.

லாரன்ஸ் பேனாவை வாங்கினான். சவுந்தரம் சத்தம் போட்டுவிட்டுப் போன மறுநாளே லோகேஸ்வரன் வாடகை வேன் கொண்டுவந்து இருபத்தாறு பேட்டரிகளையும் இன்னொரு சட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தான்.

"ஆமாம், அவ்வளவுதான்" என்று கையெழுத்துப் போட்டான்.

சவுந்தரம் கொட்டகைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது மூலையில், எதுவுமே இல்லாத சிமெண்டில், சதுரம் சதுரமாகப் பேட்டரி இருந்த கறைகள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் லாரியில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிந்தியா அவனுக்கு முன்பே வந்து காத்திருந்தாள். கிராப் வாடகைக் காடியில் வந்ததாகச் சொன்னாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் அவள் வயிற்றைப் பார்த்தான். ஐந்து மாதம்.

"அக்கா வந்தாங்களா?" என்றாள்.

"வந்தாங்க."

"சண்ட போட்டீங்களா?"

"இல்ல. கை கழுவி விட்டேன்."

சிந்தியாவுக்குப் புரியவில்லை. அதற்குள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் தமிழ்ப் பெண்தான். தாளை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "ரத்தத்துல ஈயம் போன மாசம் ஆறு. இப்ப நாலு. கொறஞ்சிருக்கு. பிள்ள நல்லா வளருது, ஹார்ட் பீட் நல்லா இருக்கு."

சிந்தியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். லாரன்ஸுக்கு மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"அப்ப பயமில்லயா டாக்டர்?"

"ஈயத்துல இவ்வளவு இருந்தா நல்லதுன்னு ஒரு அளவே கெடையாது. மாசாமாசம் பாப்போம். ஆனா இப்ப கம்மி, எறங்கிக்கிட்டு இருக்கு." அவர் தாளை மூடினார். "ஒன்னு சொல்றேன். இந்த ஒரு மாசமும் இவங்க அந்த வீட்டுலயே இருந்து, ஒங்க சட்டய கையால தொவச்சுக்கிட்டு இருந்திருந்தா, நான் இன்னிக்கு இப்படிச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருப்பேனான்னு தெரியாது. போன தடவ கூட வந்தாங்களே, அவங்க யாரு?"

"எங்க அக்கா."

"அவங்களுக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும். தலவலி, களைப்புன்னு வந்தா கர்ப்பத்துல சகஜம்னு நாங்களே அனுப்பியிருப்போம். ஈயத்துக்கு டெஸ்ட் பண்ணுங்கன்னு மேசையத் தட்டி நின்னது அவங்கதான்." பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்குப் பாத்தாச்சா?"

ஒரு மாதமாக மறுத்து வந்தவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனால் அடக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்த ஒரு சீனக் கிழவர் எழுந்து, தன் இடத்தை சிந்தியாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஞாயித்துக் கெழம சட்ட மட்டும் ஏன் இப்படி மணக்குதுன்னு கேட்டே இல்ல? நான் என்னா சொன்னேன்? பட்டற மணம்னு சொன்னேன்" என்றான்.

"விடுங்க."

"அக்காவ, சொந்தத் தம்பியவே காட்டிக் குடுத்தவன்னு ஊர் பூரா சொன்னேன், சிந்தியா. கோயில்ல ஃபாதர்கிட்டகூட சொன்னேன்."

சிந்தியா அவன் முழங்காலில் கை வைத்தாள். "என்னய கூட்டிட்டுப் போன அன்னிக்கு அவங்க பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுதாங்க. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. கேட்டுச்சு. வேல முடிஞ்சா அங்கேயே குளிச்சு, உடுப்ப மாத்திக்கிட்டுத்தான் வருவாங்க. வந்ததும் மறுபடியும் கையக் கழுவிட்டுத்தான் என் பக்கத்துலயே வருவாங்க. ஒங்களப் பத்தி ஒரு கெட்ட வார்த்த பேசினது இல்ல."

அவன் பையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. லோகேஸ்வரன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான்.

நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் அவனுடைய வீட்டுப் பின்பக்கம். செங்கல் அடுப்பு, கரி படிந்த சட்டி. ஓரத்தில் அந்தப் பேட்டரிகள். நடுவில் அவன் மகள் தாரணி குந்தி உட்கார்ந்து, பிஸ்கட் டின் மூடியில் ஈயக் குண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தான்: "புது ஃபேக்டரி! சின்ன மொதலாளியப் பாரு. ஞாயித்துக் கெழம வந்துரு."

லாரன்ஸ் உடனே அழைத்தான்.

"லோகா, அடுப்ப மூடு. எல்லாத்தயும் மூடிட்டுப் பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போ."

"ஏன் லா? இங்க எந்த ஆபீசரும் வர மாட்டான்."

"ஆபீசர் பேச்சு இல்ல. சிந்தியா ரத்தத்துலயே ஈயம் இருந்துச்சு. அவ கொட்டகப் பக்கம்கூட வந்தது இல்ல. ஒன் பிள்ள அத கையில வச்சு வெளையாடுது."

எதிர்முனையில் சிரிப்பு. "எங்க தாத்தா காலத்துலருந்து மீன் பிடிக்கிறவன் எல்லாம் ஈயத்தப் பல்லால கடிச்சுத்தான் கட்டுறான். ஒங்க அக்கா ஒன்ன நல்லா பயங்காட்டிட்டாங்க மச்சான். நல்ல வேள, எனக்கு அக்கா கெடையாது!"

தொடர்பு துண்டிக்கப்பட்டது. லாரன்ஸ் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். கொரோனாவில் பட்டறை மூடிக் கிடந்தபோது, வாரம் தவறாமல் அரிசியும் சார்டின் மீன் டின்னும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவன் லோகேஸ்வரன். அவன் இல்லாவிட்டால் அந்த நாட்களைத் தாண்டியிருக்க முடியாது.

சிந்தியா படத்தை எட்டிப் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்கு வயசு என்னா?"

"நாலு."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பாலத்தைத் தாண்டிப் பிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகியிருந்தது. சிந்தியாவை ஃபிளாட்டில் விட்டுவிட்டு லாரன்ஸ் கிடங்குக்குப் போனான். வாசல் காவலில் பெயரை எழுதிவிட்டுக் காத்திருந்தான். சவுந்தரம் குளித்து, நீலச் சட்டை மாற்றி, ஈரத் தலையோடு வெளியே வந்தாள். முழங்கையில் வெள்ளைக் கட்டு.

"ரிசல்ட்டு?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"நாலுக்கா. ஆறுலருந்து நாலு. பிள்ள நல்லா இருக்கு."

சவுந்தரம் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ சொன்னாள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு ஏதோ நேர்ந்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"அக்கா." வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எங்கேயோ போய்விட்டது. "நீ மட்டும் அன்னிக்கு ஆபீசருக்கு ஃபோன் பண்ணலேன்னா… எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரொம்ப நன்றிக்கா. நான் பேசுனத எல்லாம் மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கிட்டேன்" என்றாள் சவுந்தரம். கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. "ஒரு மாசமா வச்சிருந்தேன். இப்பதான் எறக்குனேன். சரி, சாப்ட்டியா?"

"இன்னும் ஒன்னு இருக்கு. கொட்டகயில மூலையப் பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நான் ஒரு தடவ ஒன்னப் பத்திச் சொல்லிட்டேன், தம்பி. இந்தத் தடவ நீயே சொன்னா நல்லா இருக்கும்னு காத்திருந்தேன். ராத்திரிக்குள்ள சொல்லலேன்னா நானே ஹைருலக் கூப்ட்டிருப்பேன்."

அவன் படத்தைக் காட்டினான். தாரணியின் விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்த சவுந்தரத்தின் முகம் மாறியது.

"ஆபீசருக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேடா."

"தெரியும். கேஸ் போட்டா போடட்டும்."

அவளுடைய போனிலிருந்தே ஹைருலை அழைத்தான். தெரிந்த மலாயில், தடுமாறித் தடுமாறி, இருபத்தாறு பேட்டரி என்றும் எந்த இடம் என்றும் சொன்னான். நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னான். ஹைருல் இடத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே போவதாகவும், லாரன்ஸ் புதிதாக வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும், பொய் சொன்னதற்கு நடவடிக்கை உண்டு என்றும் சொன்னார். வைப்பதற்கு முன், குரலைத் தணித்துக்கொண்டு, "தெரிமா காசே, லாரன்ஸ்" என்றார். நன்றி.

லாரன்ஸ் போனை அக்காவிடம் கொடுத்தான். "இப்பவே தோட்டத்துக்குப் போறேன். அவனுக்கு நேர்ல சொல்லணும்."

"சொன்னா மறுபடியும் வேன்ல ஏத்திடுவான்."

"காலையில வரைக்கும் அவன் வாசல்லயே ஒக்காந்துக்குறேன். நீ எங்கிட்ட சொல்லாம செஞ்சதுதான்கா எனக்கு ரொம்ப வலிச்சுச்சு."

"சொல்லியிருந்தா?"

அவன் யோசித்துப் பார்த்தான். "ஏத்திக்கிட்டு ஓடியிருப்பேன்."

சவுந்தரம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "காடிச் சாவியக் குடு. நான் ஓட்டுறேன்."

பைராம் தோட்டத்துச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே கார் திரும்பியபோது வெயில் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தது. தமிழ்ப்பள்ளி விட்டு நேரமாகியிருந்தது. லோகேஸ்வரனின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. பின்பக்கமிருந்து மெல்லிய புகை.

"வா லா மச்சான்! ஞாயித்துக் கெழமதான் வருவேன்னு…" என்று சிரித்தபடி வந்த லோகேஸ்வரன், காரின் மறுபக்கத்திலிருந்து இறங்கிய சவுந்தரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "இவங்கள ஏன் கூட்டிட்டு வந்தே?"

லாரன்ஸ் அவன் எதிரே போய் நின்றான். "லோகா, நீ எனக்கு சோறு போட்டவன். அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அலாம் செகித்தார் இலாகா ஆபீசர் இங்க வர்றாரு. சொன்னது அக்கா இல்ல. நான்தான்."

லோகேஸ்வரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நீயா? நீயாடா?"

லாரன்ஸ் கையைத் தூக்கவில்லை. "சிந்தியாவுக்கு ரத்தத்துல ஈயம் நாலுல நிக்குது. ஒன் பிள்ளைக்கு எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது, லோகா. அது மட்டுந்தான் என் பயம்."

சட்டையைப் பிடித்த கை இறுகியதே தவிர விடவில்லை. சவுந்தரம் ஓரடி முன்னால் வந்தாள்.

அப்போதுதான் வாசலில் லோகேஸ்வரனின் மனைவி நவமணி நிற்பதை எல்லோரும் கவனித்தார்கள். இடுப்பில் தாரணி. எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை. அவள் கணவனைப் பார்க்கவில்லை. படியிறங்கி நேராக சவுந்தரத்திடம் வந்தாள்.

"அக்கா, ரெண்டு வாரமா இவ வயித்த வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. பூச்சி மருந்து குடுத்தேன், கேக்கல." குரல் உடைந்தது. "ரத்தம் எங்கக்கா பாக்கணும்? இப்பவே போலாமா?"

சவுந்தரம் கார்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

லோகேஸ்வரனின் கை லாரன்ஸின் சட்டையிலிருந்து மெல்லத் தளர்ந்தது.